கார் திரையில் ஆஃப்ரோடு வரைபடம்: மோவாப் பக்கம் முதல்முறை போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் ஜீப் ராங்லரோ, ஃபோர்டு பிராங்கோவோ, டொயோட்டா ஃபோர்ரன்னரோ வாங்கிவிட்டு, அதைத் தார் ரோட்டை விட்டு இறக்கலாமா என்று யோசிக்கும் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் கேட்பது வழி பற்றித்தான். கூகுள் மேப்ஸ் போதாதா, அதுதான் கார் திரையிலேயே வருகிறதே என்பார்கள்.

போதாது. கூகுள் மேப்ஸும் ஆப்பிள் மேப்ஸும் ரோட்டுக்காகச் செய்தவை. ஒரு மண்பாதையில் உங்கள் வண்டி போகுமா, போக அனுமதி இருக்கிறதா, மழை பெய்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியாது. ஒதுக்குப்புறமான இடங்களுக்கு ஜிபிஎஸ் காட்டும் வழியை நம்பி வராதீர்கள் என்று டெத் வேலி தேசியப் பூங்காவே பயணிகளை எச்சரிக்கிறது. பாலைவனத்தில் அப்படி வழி தவறி உயிரை விட்டவர்களும் உண்டு.

இதற்கென்றே தனிச் செயலிகள் இருக்கின்றன. ஆன்எக்ஸ் ஆஃப்ரோடு, கையா ஜிபிஎஸ் இரண்டும் அதிகம் பேர் பயன்படுத்துபவை. இந்தக் கட்டுரைக்கு ஆன்எக்ஸ் ஆஃப்ரோடையும், இடத்துக்கு யூட்டா மாநிலத்தின் மோவாபையும் எடுத்துக்கொள்கிறேன். பதிப்புக்குப் பதிப்பு பொத்தான்கள் இடம் மாறும். செய்ய வேண்டிய வேலைகளும் அவற்றின் வரிசையும் மாறாது.

ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். படம் தெரிவது கார் திரையில்தான் என்றாலும் வேலையில் முக்கால்வாசி வீட்டில், வைஃபை இருக்கும் இடத்தில், போனில் முடிய வேண்டும். போனில் நீங்கள் தயார் செய்து வைத்ததைத்தான் கார் திரை காட்டும். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினால், பள்ளத்தாக்குக்குள் சிக்னல் போன பிறகு சாம்பல் நிறக் கட்டத்தின் நடுவில் ஒரு அம்புக்குறிதான் மிஞ்சும்.

உங்கள் வண்டிக்கு இது ஒத்துவருமா?

செயலி காருக்குள் ஏறுவதில்லை. அது ஓடுவது போனில். ஐபோன் என்றால் கார்பிளே வழியாகவோ, ஆண்ட்ராய்டு போன் என்றால் ஆண்ட்ராய்டு ஆட்டோ வழியாகவோ அதன் ஒரு பகுதி மட்டும் கார் திரையில் தெரிகிறது. ஆகவே முதலில் உங்கள் வண்டியில் இந்த இரண்டில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். ராங்லரில் 2018-இல் வந்த ஜேஎல் மாடல் முதல் பெரும்பாலான வண்டிகளில் இருக்கிறது. ஃபோர்ரன்னரில் 2020 மாடல் முதல். 2021-இல் வந்த புதிய பிராங்கோவில் தொடக்கத்திலிருந்தே உண்டு. ரிவியன் போன்ற சில வண்டிகளில் கார்பிளே கிடையாது. அவற்றை வைத்திருப்பவர்கள் டேஷ்போர்டில் ஒரு ஹோல்டர் மாட்டி போனையோ டேப்லெட்டையோ நேரடியாக வைத்துப் பார்க்க வேண்டியதுதான். கார்பிளே ஐபோனில் மட்டும் வேலை செய்யும். ஐபேடை வண்டியில் செருகினால் சார்ஜ் ஆகும், அவ்வளவுதான்.

ஆஃப்லைன் வரைபடத்துக்குச் சந்தா கட்ட வேண்டும். இலவசக் கணக்கில் ஊரில் உட்கார்ந்து பாதைகளைப் பார்க்கலாம். மோவாபுக்குப் போய் உண்மையாகவே ஓட்டப் போகிறீர்கள் என்றால் அந்தச் செலவைச் செய்துவிடுங்கள். இதில் சிக்கனம் பார்ப்பது சரியில்லை.

வாடகை வண்டி எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விமான நிலையத்தில் கிடைக்கும் சாதாரண வாடகை வண்டிகளின் ஒப்பந்தத்தில், தார் போடாத பாதையில் ஓட்டக்கூடாது என்ற விதி பெரும்பாலும் இருக்கும். மோவாப் ஊரிலேயே ஆஃப்ரோடுக்கென்று ஜீப் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். எந்தப் பாதை வரை ஓட்டலாம் என்பதையும் அவர்களே சொல்வார்கள். வண்டியை எடுக்கும்போதே கார்பிளே வேலை செய்கிறதா என்று போனைச் செருகிப் பார்த்துவிடுங்கள்.

பாதையைத் தேர்ந்தெடுப்பது

செயலியைத் திறந்து மோவாப் என்று தேடினால் ஊரைச் சுற்றிச் சிலந்தி வலை போலக் கோடுகள் விரியும். எல்லாமே போகக்கூடிய பாதை என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் வடிகட்டியில் உங்கள் வண்டியின் வகையைத் தேர்ந்தெடுங்கள். முழு அளவு வண்டி, சைடு பை சைடு எனப்படும் சிறிய ஆஃப்ரோடு வண்டி, டர்ட் பைக் என்று தனித்தனியாக இருக்கும். சில பாதைகள் 50 அங்குல அகலத்துக்குள் இருக்கும் வண்டிகளுக்கு மட்டுமே. அதில் ராங்லரைக் கொண்டுபோனால் இடமும் இருக்காது, சட்டப்படியும் தவறு.

ஒரு பாதையைத் தொட்டால் அதன் விவரப் பக்கம் வரும். நீளம், கடினம் எத்தனை என்ற மதிப்பெண், படங்கள், போய்வந்தவர்களின் குறிப்பு எல்லாம் அதில் இருக்கும். கடினத்தை 1 முதல் 10 வரை மதிப்பிட்டிருப்பார்கள். புதியவர்கள் 3-க்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. மதிப்பெண்ணோடு நிறுத்தாமல் விவரத்தையும் படங்களையும் பாருங்கள். பத்து மைல் சுகமாகப் போய்விட்டு ஒரே இடத்தில் வண்டியைக் கவிழ்க்கும் பாதைகள் இருக்கின்றன. ஹுர்ரா பாஸ் நல்ல உதாரணம். கேன் கிரீக் ரோட்டிலிருந்து கணவாய் உச்சிவரை புதியவர்கள் ஓட்டலாம். உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால் பாதையின் குணமே மாறிவிடும். எதுவரை போய்த் திரும்புவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்து, அந்த இடத்தில் ஒரு குறி வையுங்கள்.

மோவாபில் முதல் பாதையாக நான் சொல்வது ஷேஃபர் டிரெயில். கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் ஐலண்ட் இன் த ஸ்கை பகுதியில், பார்வையாளர் மையத்துக்குப் பக்கத்தில் தொடங்குகிறது. செங்குத்தான மணற்பாறைச் சுவரில் கொண்டை ஊசி வளைவுகளாக இறங்கி, கீழே பொட்டாஷ் ரோட்டைப் பிடித்து, கொலராடோ ஆற்றோரமாக மோவாபுக்கே கொண்டுவந்து விடும். காய்ந்த வானிலையில், தரையிலிருந்து நல்ல உயரம் உள்ள ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்குப் பெரிய சிரமம் கிடையாது. பள்ளத்தைப் பார்த்துத் தலைசுற்றுபவர்கள் மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். பனியும் மழையும் இருந்தால் கதையே வேறு, அன்று போகாதீர்கள். இதற்கு மாற்றாக வேண்டுமானால் ஜெமினி பிரிட்ஜஸ் ரோடு இருக்கிறது.

ஹெல்ஸ் ரிவெஞ்ச் என்ற கடினமான பாதையின் பெயரை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். படத்தில் பார்க்க அட்டகாசமாக இருக்கும். முதல் பயணத்தில் அது வேண்டாம். ஒயிட் ரிம் ரோடும் அப்படித்தான். 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர். வழியில் பெட்ரோலும் இல்லை, குடிதண்ணீரும் இல்லை. ஒரே நாளில் ஓட்டினாலும் அனுமதிச்சீட்டு எடுக்க வேண்டும்.

அனுமதி உள்ள பாதையா?

இதைப் புதியவர்கள் அவசரமாகத் தாண்டிப் போகிறார்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம்.

மோவாபைச் சுற்றியுள்ள நிலம் ஒரே கையில் இல்லை. பெரும்பகுதி பிஎல்எம் என்று சொல்லப்படும் மத்திய அரசின் நில நிர்வாகத் துறையிடம் இருக்கிறது. ஒரு பகுதி தேசியப் பூங்கா. கிழக்கே லா சால் மலைகள் மான்டி லா சால் தேசிய வனத்தில் வருகின்றன. நடுவில் மாநில நிலமும் தனியார் நிலமும் கலந்து கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் விதி வேறு. கேன்யன்லேண்ட்ஸுக்குள் சைடு பை சைடு வண்டிகளுக்கு அனுமதி இல்லை. பூங்கா எல்லைக்கு வெளியே பிஎல்எம் நிலத்தில் பல பாதைகளில் அவை தாராளமாக ஓடுகின்றன.

செயலியில் நில உரிமை என்ற அடுக்கைப் போட்டால் இந்த எல்லைகள் நிறங்களாகத் தெரியும். அந்த அடுக்கோடு உங்கள் பாதையை ஒருமுறை ஆரம்பம் முதல் முடிவு வரை விரலால் நகர்த்திப் பார்த்துவிடுங்கள். நிறம் மாறும் இடங்களில் விதியும் மாறலாம். தேசிய வனத்துக்குள் போகிறீர்கள் என்றால் வனத்துறை இலவசமாக வெளியிடும் எம்வியூஎம் என்ற மோட்டார் வாகன வரைபடத்தைத் தனியாக இறக்கிக்கொள்ளுங்கள். அந்த வரைபடத்தில் இல்லாத பாதை, கண்ணெதிரே தெளிவாகத் தெரிந்தாலும், மூடிய பாதைதான்.

பாதைகள் மூடப்படுவதும் உண்டு. 2023-இல் லேபரிந்த், ஜெமினி பிரிட்ஜஸ் பகுதியில் சுமார் 317 மைல் நீளப் பாதைகளை வண்டிகளுக்கு மூடுவதாக பிஎல்எம் முடிவெடுத்தது. ஆஃப்ரோடு ஓட்டுபவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், வழக்கும் போட்டார்கள். அந்த விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். அதற்கு முன்னால் இறக்கி வைத்த வரைபடத்தோடு இன்று போகிறவருக்கு மூடிய பாதையும் திறந்த பாதையாகத்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் செயலியைப் புதுப்பித்து, ஆஃப்லைன் வரைபடத்தைப் புதிதாக இறக்குங்கள். போனில் காட்டுவதும் பாதையில் நட்டிருக்கும் பலகையும் முரண்பட்டால் பலகை சொல்வதே சரி.

பாதையை விட்டு விலகாதீர்கள் என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மோவாப் மண்ணின் மேல் கறுப்பாக, மேடு மேடாக ஒரு பொருக்குப் படிந்திருக்கும். அது உயிருள்ள பொருக்கு. நீலப்பச்சைப் பாசியும் பாசிச்செடியும் லைக்கனும் சேர்ந்து மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு டயர் ஏறினால் அது நொறுங்கிவிடும், பழையபடி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். எதிரே வண்டி வந்தால் பொருக்கின் மேல் ஒதுங்காமல், பின்னால் எடுத்து அகலமான இடத்தில் வழிவிடுங்கள்.

வழியையும் குறிகளையும் போட்டு வைப்பது

பாதை முடிவானதும் போனில் வழி உருவாக்கும் கருவியைத் திறந்து, தொடக்கம் முதல் தார் ரோட்டைத் தொடும் இடம் வரை கோட்டைப் போட்டுச் சேமியுங்கள். கோடு தானாகவே பாதையில் ஒட்டிக்கொள்ளும். சில இடங்களில் பக்கத்துப் பாதைக்குத் தாவியிருக்கும், பெரிதாக்கிப் பார்த்துத் திருத்துங்கள்.

அப்புறம் குறிகள். குழப்பமான பிரிவுகள், கழிப்பறை, முகாம் இடம், வண்டியைத் திருப்ப வசதியான அகலமான இடம், பாதியிலேயே வெளியேறக்கூடிய குறுக்குப்பாதை ஆகியவற்றில் ஒவ்வொரு குறி வையுங்கள். கடைசியாகச் சொன்னது மிக அவசியம். மேகம் திரளும்போது வரைபடத்தை உருட்டி வெளியேறும் வழி தேடிக்கொண்டிருக்க முடியாது.

குறிகளுக்குப் பெயர் சின்னதாக இருக்கட்டும். கார் திரையில் நீளமான பெயர் வெட்டுப்பட்டுத்தான் தெரியும். 'இங்கே இடது பக்கம் திரும்பிப் பொட்டாஷ் ரோடு' என்று எழுதினால் முதல் இரண்டு வார்த்தையோடு நின்றுவிடும். 'இடது பொட்டாஷ்' என்று எழுதுங்கள். வழியையும் குறிகளையும் ஒரே கோப்புறையில் போட்டுவிட்டால், பழைய பயணங்களின் குறிகளை மறைத்துவிட்டு இதை மட்டும் திரையில் காட்டலாம்.

நண்பர் ஒருவர் தான் ஓட்டிய தடத்தைச் சேமித்த ஜிபிஎக்ஸ் கோப்பை அனுப்பினார் என்றால் அதையும் உள்ளே ஏற்றலாம். ஆனால் அது அவர் ஓட்டிய தடம், அவ்வளவே. அன்று திறந்திருந்த பாதை இன்றும் திறந்திருக்கும் என்பதற்கு அதில் உத்தரவாதம் இல்லை. நில உரிமை அடுக்கை வைத்து மறுபடியும் பார்த்துவிடுங்கள்.

ஆஃப்லைன் வரைபடம்: இறக்குவதும் சோதிப்பதும்

ஜிபிஎஸ்ஸுக்கு இணையம் தேவையில்லை. போன் செயற்கைக்கோள்களிடமிருந்து நேரடியாகவே இடத்தைக் கண்டுபிடிக்கும். இணையம் தேவைப்படுவது அந்த இடத்தின் படத்துக்கு. படத்தை முன்கூட்டியே இறக்கி வைத்தால் சிக்னலே இல்லாமல் எல்லாம் வேலை செய்யும்.

வீட்டு வைஃபையில் உட்கார்ந்து, ஆஃப்லைன் வரைபடப் பகுதிக்குப் போய், உங்கள் வழி முழுவதும் அடங்கும்படி ஒரு கட்டம் போடுங்கள். கட்டம் பெரிதாக ஆக விவரம் குறையும் அல்லது கோப்பு பெரிதாகும். இரண்டு அளவுக் கட்டங்களாக இறக்குவதை நான் பரிந்துரைக்கிறேன். மோவாப் வட்டாரம் முழுவதற்கும் விவரம் குறைந்த பெரிய கட்டம் ஒன்று. அதற்குள் நீங்கள் ஓட்டும் பாதைக்கு மட்டும் அதிகபட்ச விவரத்தோடு சின்னக் கட்டம் ஒன்று, நீளமான பாதையானால் இரண்டோ மூன்றோ. கட்டத்தைப் பாதையை ஒட்டி இறுக்கமாகப் போடாதீர்கள். வெளியேறும் குறுக்குப்பாதைகளும் அதற்குள் வர வேண்டும்.

செயற்கைக்கோள் படம், உயரக்கோடுகளால் நில அமைப்பைக் காட்டும் டோபோ, இரண்டும் கலந்த ஹைப்ரிட் என்று அடிப்படை வரைபடங்கள் இருக்கும். எதையெல்லாம் காட்டில் பார்க்க நினைக்கிறீர்களோ அதெல்லாம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். டோபோவை இறக்கிவிட்டு அங்கே போய்ச் செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றினால் ஒன்றும் வராது. போகிற வழிக்கு, அதாவது யூஎஸ் 191 நெடுஞ்சாலைக்கும் யூட்டா 313-க்கும், கூகுள் மேப்ஸிலும் ஒரு ஆஃப்லைன் பகுதியை இறக்கிக்கொண்டால் நல்லது.

இனி வருவதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். இறக்கியதை வீட்டிலேயே சோதிக்க வேண்டும். போனை விமானப் பயன்முறையில் போட்டு வைஃபையையும் அணையுங்கள். செயலியை முழுவதுமாக மூடிவிட்டு மீண்டும் திறங்கள். மூடாமல் பார்த்தால், சற்றுமுன் இணையத்தில் பார்த்த படமே நினைவில் இருந்து ஏமாற்றும். இப்போது உங்கள் பாதையின் நடுவில் எங்காவது போய் நன்றாகப் பெரிதாக்குங்கள். பாறையும் வளைவும் தெளிவாகத் தெரிந்தால் சரி. மங்கலாக நின்றாலோ கட்டம் கட்டமாக வெறுமையாக இருந்தாலோ அந்தப் பகுதி இறங்கவில்லை. தொடக்கம், நடு, முடிவு மூன்று இடத்திலும் இப்படிப் பாருங்கள். சேமித்த வழியும் குறிகளும் தெரிகின்றனவா என்பதையும் பாருங்கள்.

இதையெல்லாம் இரண்டாவது போனிலும் செய்ய வேண்டும். குடும்பத்தோடு போனால் இன்னொருவர் போனில் அதே கணக்கைத் திறந்து அதே கட்டங்களை இறக்கி வையுங்கள். ஒரு போன் சூட்டில் அணைந்தாலும் கீழே விழுந்து உடைந்தாலும் வழி கையில் இருக்கும்.

காரோடு இணைப்பது

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள்.

முதலில் போனில் செயலிக்குள் உள்நுழைந்து, இருப்பிட அனுமதியைக் கொடுத்துவிடுங்கள். துல்லியமான இருப்பிடம் என்ற தேர்வு இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். இது அணைந்திருந்தால் அம்புக்குறி எங்கோ தள்ளி நிற்கும். ஆண்ட்ராய்டில் பேட்டரி சிக்கனம் இந்தச் செயலியை நிறுத்தாதபடி விலக்கு கொடுங்கள். ஐபோனில் லோ பவர் மோடை அணைத்து வையுங்கள்.

பிறகு கேபிள். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவான கேபிள்களில் கார்பிளேயும் வராது, ஆண்ட்ராய்டு ஆட்டோவும் வராது. தரவும் கடத்தும் நல்ல கேபிளாக, கூடுமானவரை குட்டையாக, ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வையுங்கள். காரின் யூஎஸ்பி துளைகளிலும் சில சார்ஜுக்கு மட்டும் இருக்கும். போன் படம் போட்ட துளை சரியானது.

வயர்லெஸ் வசதி இருந்தாலும் ஆஃப்ரோடில் நான் கேபிளைத்தான் சொல்வேன். வயர்லெஸ்ஸில் போன் சூடாகும், பேட்டரி வேகமாக இறங்கும். வயர்லெஸ் சார்ஜரில் வைத்தால் சூடு இன்னும் கூடும். மோவாப் கோடையில் ஏற்கெனவே கொதிக்கிறது. போனை வெயில் படாத இடத்தில், முடிந்தால் ஏசி காற்று படும்படி வையுங்கள்.

செருகியதும் கார் திரையில் அனுமதி கேட்கும், கொடுத்துவிடுங்கள். போன் பூட்டியிருக்கும்போதும் கார்பிளே இயங்கலாமா என்று கேட்டால் அதற்கும் ஆம் சொல்லுங்கள். செயலியின் சின்னம் (ஐகான்) கார் திரையில் இல்லையென்றால், ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், கார்பிளே என்று போய் உங்கள் காரைத் தொட்டுப் பட்டியலில் சேர்க்கலாம். முதல் பக்கத்துக்கும் அங்கிருந்தே நகர்த்தலாம். ஆண்ட்ராய்டில் ஆண்ட்ராய்டு ஆட்டோ அமைப்புகளில் இதே போன்ற பட்டியல் இருக்கிறது.

பாதையில் ஓட்டும்போது

தார் ரோடு முடியும் இடம்வரை கூகுள் மேப்ஸோ ஆப்பிள் மேப்ஸோ வழி சொல்லட்டும். பாதையின் வாயில் வந்ததும் வண்டியை நிறுத்தி, அந்த வழிகாட்டலை முடித்துவிட்டு, ஆஃப்ரோடு செயலிக்கு மாறுங்கள். ஒரே நேரத்தில் ஒரு செயலிதான் திருப்பம் சொல்ல முடியும். முடிக்காமல் விட்டால் பழையது, முடிந்தவரை சீக்கிரம் யூ டர்ன் எடுங்கள் என்று பாதி வழியில் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

இந்த நிறுத்தத்திலேயே தடம் பதிவு செய்வதையும் தொடங்கிவிடுங்கள். திரும்பி வர நேர்ந்தால், வந்த தடம் திரையில் கோடாக இருப்பதைப் போலத் தைரியம் தருவது வேறில்லை. போன் தன் இடத்தைச் சரியாகப் பிடித்துவிட்டதா என்றும் பாருங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் முதல்முறை இடம் பிடிக்கக் கொஞ்சம் நேரம் ஆகலாம்.

கார் திரையில் எல்லாம் இருக்காது. வழி உருவாக்குவது, நீளமான விவரம் படிப்பது, படங்கள் பார்ப்பது எல்லாம் போனில்தான். ஓட்டுபவர் கவனம் சிதறக்கூடாது என்று கார்பிளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் வேண்டுமென்றே வைத்த கட்டுப்பாடு அது. ஆகவே அங்கே பார்க்க வேண்டியது மூன்றுதான்: நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், கோடு எங்கே போகிறது, அடுத்த பிரிவு எவ்வளவு தூரம்.

திரையின் மேல்பக்கம் வடக்காக இருக்கட்டுமா, வண்டி போகும் திசையாக இருக்கட்டுமா என்பது அவரவர் பழக்கம். புதியவர்களுக்கு வண்டி போகும் திசை எளிது. இடதா வலதா என்று மனக்கணக்குப் போட வேண்டாம். அடிப்படை வரைபடத்தில் எனக்குப் பிடித்தது டோபோ. மதிய வெயிலில் செயற்கைக்கோள் படம் திரையில் செம்பழுப்பாகக் கலங்கிவிடும், பாதைக் கோடு தனித்துத் தெரியாது. டோபோவில் கோடு பளிச்சென்று நிற்கும், உயரக்கோடுகளைப் பார்த்தால் வரப்போவதும் தெரியும். கோடுகள் நெருக்கமாக இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் சமவெளி. ஷேஃபர் டிரெயில் இறக்கத்தில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடப்பதைப் பார்க்கலாம். அப்படி ஓர் இடம் வரும் என்று தெரிந்தால், வளைவுக்குள் போகும் முன்பே ஃபோர் லோவில் (நான்கு சக்கரமும் மெதுவாக இழுக்கும் குறைந்த கியர் நிலையில்) போட்டு, பிரேக்கை அதிகம் நம்பாமல் எஞ்சின் வேகத்திலேயே இறங்கலாம். கீழே இறங்கும்போது எதிரே ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது மரபு.

பள்ளத்தாக்குச் சுவர்களுக்கு நடுவே ஜிபிஎஸ் சில நேரம் தடுமாறும். அலைகள் பாறையில் மோதித் திரும்பி வருவதால் அம்புக்குறி பாதையை விட்டுத் தள்ளித் தெரியும். பதற வேண்டாம், கொஞ்சம் நகர்ந்ததும் சரியாகும். அந்த நேரத்தில் கண்முன் இருப்பதை நம்புங்கள். டயர்த் தடம், அடுக்கி வைத்த கற்கள், பாதை எண் எழுதிய பழுப்புக் கம்பம், வழுக்குப் பாறைகளில் வண்ணத்தால் வரைந்த குறி எல்லாம் வழி சொல்லும். மூன்று பிரிவு சேரும் இடங்களில் மட்டும் கண்டிப்பாக நிறுத்திப் பெரிதாக்கிப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு கோடுகள் சிறிய அளவில் ஒன்றாகத்தான் தெரியும்.

பக்கத்து இருக்கையில் ஒருவர் இருந்தால் வழி சொல்லும் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிடுங்கள். இரண்டாவது போனை அவர் கையில் வைத்துக்கொண்டு, "அடுத்த பிரிவுல இடது பக்கம், அரை மைல் இருக்கு, இன்னும் வரல" என்று சொல்லிக்கொண்டே வரட்டும். ஓட்டுபவர் கண் பாதையில் இருக்கலாம். தனியாக ஓட்டினால், திரையைத் தொட வேண்டிய ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்துங்கள். ஒரு பக்கம் பள்ளம் இருக்கும் பாதையில் திரையைத் தேய்த்துக்கொண்டே ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

திரை மக்கர் செய்தால்

குலுக்கலில் கேபிள் தளர்ந்து கார்பிளே துண்டிப்பதுதான் அதிகம் நடக்கும். கழற்றி மாட்டுங்கள், அடுத்த கேபிளைப் போட்டுப் பாருங்கள். போனில் தடப் பதிவு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். வரைபடம் சாம்பலாக நின்றால் அடிப்படை வரைபடம் தவறி மாறியிருக்கிறதா என்று பார்த்து, இறக்கிய வகைக்கு மாற்றுங்கள். அம்புக்குறி அசையவில்லை என்றால் செயலியை மூடித் திறப்பது பெரும்பாலும் போதும். எதுவுமே சரிவராவிட்டால் போனை நேரடியாகப் பாருங்கள்.

திரையை மட்டும் நம்பி எங்கும் போகாதீர்கள். காகித வரைபடம் ஒன்று வண்டியில் இருக்கட்டும். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை ஊரில் இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஐபோன் 14-ம் அதற்குப் பிந்தையவையும் செயற்கைக்கோள் வழியே அவசர உதவி கேட்கும். அதற்கு வானம் திறந்து தெரிய வேண்டும். அடிக்கடி போகிறவர்கள் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கார்மின் இன்ரீச் போன்ற தனிக் கருவி வாங்குவது நல்லது. ஒயிட் ரிம் பக்கம் மாட்டிக்கொண்ட வண்டியை இழுத்து வரும் செலவு ஆயிரம் டாலரைச் சாதாரணமாகத் தாண்டும்.

கிளம்பும் அன்று காலையில் வானிலையையும் பூங்காவின் சாலை நிலவரத்தையும் பாருங்கள். செயலியில் பச்சையாகத் தெரியும் பாதை நேற்றைய மழையில் அடித்துப் போயிருக்கலாம். ஒயிட் ரிமுக்கு மேற்கிலிருந்து இறங்கும் மினரல் பாட்டம் வளைவுகள் 2010-இல் அப்படித்தான் வெள்ளத்தில் சரிந்தன. மறுபடி கட்டித் திறக்க அடுத்த ஆண்டு ஆனது.

திரும்பி வந்ததும்

தார் ரோட்டைத் தொட்டவுடன் தடப் பதிவை நிறுத்திச் சேமியுங்கள். மறந்தால் ஹோட்டல் வாசல்வரை கோடு நீளும். அதைப் பொதுவில் பகிர்வதாக இருந்தால், தங்கிய இடமும் வீடும் தெரியும் பகுதிகளை வெட்டிவிடுங்கள். பாதையில் மூடிய கதவு, விழுந்த பாறை, புதிதாக அரித்த பள்ளம் எதையாவது பார்த்திருந்தால், தேதியும் ஒரு படமும் சேர்த்து அந்தப் பாதையின் பக்கத்தில் நிலவரமாகப் போடுங்கள். எந்த வண்டியில் போனீர்கள் என்பதையும் எழுதுங்கள். உயர்த்திய ராங்லருக்குச் சுலபமான பள்ளம் சுபாரு ஃபாரெஸ்டருக்குச் சுலபமாக இருக்காது, படிப்பவருக்கு அது தெரிந்தால்தான் முடிவெடுக்க முடியும்.